உப்புப் போடாத மூன்றாவது குழாய்

இன்று காலை ஆய்வகத்துக் குளிர்பெட்டியைக் காலி செய்தோம். கதவு ரப்பர் கிழிந்து இரண்டு வருடமாகிறது, இப்போதுதான் புதுப் பெட்டிக்கு அனுமதி வந்திருக்கிறது. கீழ்த்தட்டின் மூலையில் அலுமினியத் தாள் சுற்றிய சின்ன பாட்டில் ஒன்று கிடந்தது. தாளைப் பிரித்தால் உன் கையெழுத்து. "தங்கம். நல்லது. தொடாதே." கீழே கோபமாக ஒரு கோடு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஆரத்தித் தண்ணீர் போலத் தெளிந்த சிவப்பு. நீ போய் மூன்று வருடமாகிறது, நீ காய்ச்சிய தங்கம் இன்னும் திரியவில்லை.

உனக்கு எழுத வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. கேண்டீனில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதுதான் தோன்றியது. உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று போன வருடத்திலிருந்து என்னிடம் நிற்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் பழைய கதையைக் கொஞ்சம் கிளற வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயால் முழுசாக நீ கேட்டதில்லை.

நாம் இருவரும் ஒரே வருடம் ஆய்வுக்குச் சேர்ந்தோம். திருப்பதியில் ஆட்டோக்காரரிலிருந்து ஓட்டல்காரர் வரை தமிழ் பேசுவார்கள். நம் ஆய்வகத்தில் மட்டும் தெலுங்கும் ஆங்கிலமும்தான். முதல் நாள் நீ என் மேஜைக்கு வந்து, "நீ சித்தூர் பக்கமா? தமிழாமே?" என்று கேட்டது அந்த மாடி முழுக்கக் கேட்டது. நகரியில் உங்கள் வீட்டிலேயே நான்கு பவர்லூம் ஓடுகிறது, அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை உனக்கு. ரகசியம் என்று நீ ஆரம்பித்தால் பக்கத்து அறைக்காரர்கள் மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

தங்கம் காய்ச்சும் நாளில் மட்டும் நீ வாயைத் திறக்க மாட்டாய். தங்கத்தையே கரைக்கும் ராஜதிராவகம் ஊற்றிக் குடுவையைக் கழுவும் வேலையை யாரிடமும் விடமாட்டாய். "எவனாவது கைய வெச்சி வெச்சிருப்பான், அப்பால மொத்தமும் திரிஞ்சிக்கினு நிக்கும்" என்பாய். தங்க உப்பு கரைத்த வெளிர்மஞ்சள் தண்ணீர் கொதிக்கும். அதில் சிட்ரேட் கரைசலை ஒரே மடக்கில் ஊற்றுவாய். மஞ்சள் போய் வெறும் தண்ணீராகும், பிறகு கருக்கும், பிறகு மெல்லச் சிவக்கும். தங்கம் அத்தனை நுண்ணிய துகளாக இருக்கும்போது மஞ்சளாக இருப்பதில்லை, சிவப்பாக இருக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நீலமாகிவிடும். இந்த இரண்டு வரிக்காகத்தான் நாம் இருவரும் ஐந்து வருடம் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

மிச்சத்தை எனக்கு விளங்க வைத்தது புத்தகம் இல்லை, நீதான். உப்புப் போட்டால் துகள்கள் ஒட்டும் என்று எனக்குத் தெரியும். டிஎன்ஏ இழையைச் சேர்த்தால் ஏன் ஒட்டுவதில்லை என்பது மண்டையில் ஏறவில்லை. "பாவுக்கு ஏன் கஞ்சி போடறாங்க? நூலு நூலோட ஒட்டிக்காம இருக்கத்தானே. இதுவும் அப்டித்தான். இந்த டிஎன்ஏதான் தங்கத்துக்குக் கஞ்சி" என்றாய். நாம் எடுத்த டிஎன்ஏ இழைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரக் கடலையில் பிடிக்கும் பூஞ்சை விடுகிற நஞ்சைக் கண்டால், அது தங்கத்தை விட்டுவிட்டு நஞ்சைக் கட்டிக்கொள்ளும். கஞ்சி போன தங்கத்தில் உப்பு விழுந்தால் உடனே நீலம். நஞ்சு இல்லையென்றால் இழை தங்கத்தோடேயே இருக்கும், அளவாக உப்புப் போட்டாலும் சிவப்பு மாறாது; உப்பு அளவு மீறினால்தான் கஞ்சியும் தாங்காது. சிவப்பென்றால் நல்ல கடலை, நீலமென்றால் நஞ்சு.

அந்த நஞ்சுக்கு வாசனை கிடையாது. வறுத்தாலும் முழுசாகப் போகாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லீரலைக் கெடுக்கும். அதைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. கடலை விளைகிற ஊரிலேயே, விளைவித்தவர் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நம் இருவரின் ஆசை. எனக்கு அதில் சொந்த ஆசையும் ஒன்று இருந்தது. என்னைப் பெற்ற நைனா அந்த வருடம்தான் முதன்முதலாகச் சொந்த நிலத்தில் கடலை போட்டிருந்தார். அதுவரை எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் கடலை பிடுங்கியவர்கள். ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா வந்து, ஆடியில் விதைத்து, ஐப்பசியில் பிடுங்கிக் காயவைத்திருந்தார். அந்தக் கடலையை என் குழாயில் போட்டு, ஊரார் முன்னால் சிவப்பாகக் காட்ட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

நீதான் பையைக் கட்டிக்கொடுத்தாய். சின்னக் குழாய்கள், வடிதாள், நஞ்சைப் பிரித்தெடுக்கும் ஆல்கஹால், உப்புக் கரைசல், டிஎன்ஏ கலந்த தங்கம் ஒரு பாட்டில். "மூணு வூட்டுக்குத்தான் வரும். வூட்டுக்கு மூணு குழா. மொத குழால வெறும் தண்ணி ஊத்தி உப்பு போடு, அது செவப்பா நிக்கணும். ரெண்டாவதுல கடலைச்சாறு ஊத்தி உப்பு போடு, அதான் டெஸ்ட்டு. மூணாவதுல கடலைச்சாறு மட்டும், உப்பு போடாத. அதுவும் செவப்பா நிக்கணும். நிக்கலன்னா கோளாறு உன் சாம்பிள்ல, கடலைல இல்ல" என்றாய். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே நின்று மூன்று விரலைக் காட்டினாய். பாகாலா தாண்டும்வரை அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

ஊரில் எல்லாரும் கூடும் இடம் பால் சென்டர். காலையில் பால் ஊற்ற வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஆல்கஹால் வாடையைப் பிடித்துவிட்டு, "பாப்பா திருப்பதில சாராயம் காச்சத்தான் படிக்குதா?" என்று ஒருவர் கேட்க, ஒரே சிரிப்பு. எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. மூன்று வீட்டார் கடலையை உரலில் இடித்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் வீட்டோடு சேர்த்தால் நான்கு. யாரையாவது திருப்பி அனுப்ப வேண்டும். எப்படி அனுப்புவது? மூன்றாவது குழாயை விட்டுவிட்டேன். வீட்டுக்கு இரண்டு குழாய் என்று கணக்குப் போட்டால் நான்கு வீட்டுக்கும் தங்கம் வந்துவிடும். உப்பே போடாத குழாய் சிவப்பாக நிற்பதைக் காட்டுவதில் என்ன வேடிக்கை இருக்கிறது என்றும் நினைத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அப்படியேதான் நினைத்தேன்.

மற்ற மூன்று வீட்டுக் கடலையும் சிவப்பாக நின்றது. எங்கள் வீட்டுக் குழாயில் உப்பை விட்டதும் சிவப்பு மங்கி, ஊதாவாகி, நாவல்பழச் சாறு மாதிரி நீலமாகிவிட்டது. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் நைனா நின்றார்.

"நீலம்னா இன்னாம்மா?" என்று கேட்டார். நான் சொன்னதை மறந்து கேட்கவில்லை. இந்த முறையாவது வேறு மாதிரிச் சொல்லமாட்டேனா என்று கேட்டார்.

சொன்னேன். குரல் நடுங்காமல், படித்தவள் போலச் சொன்னேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில், நம் சோதனை வேலை செய்கிறது, தகப்பன் என்றும் பார்க்காமல் உண்மையைச் சொல்கிறது என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "மூணாவது குழா வெச்சியா?"

"வச்சேன்."

"செவப்பா நின்னுச்சா?"

"நின்னுச்சி."

நீ என்னைப் பார்த்தாய். நான் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு பொய்க்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை விட, கை கழுவ நாம் எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம்.

அந்த வாரம் ஊரில் நடந்ததையெல்லாம் அம்மா போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடலை வாங்க வரும் சித்தூர் வியாபாரி எங்கள் வாசலில் நின்று, "மீ காயலு இப்புடு ஒத்துலே அன்னா" என்று, உங்கள் காய் இப்போது வேண்டாம் என்பதைத் தெலுங்கில் பதமாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாராம். கூலிக்காரனுக்கு நிலம் வந்தால் இப்படித்தான், காயவைக்கக்கூடத் தெரியவில்லை என்று யாரோ பேசினார்களாம். வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்றுவிடு என்று சித்தப்பா சொன்னதற்கு நைனா, "எம்பொண்ணு விஷம்னு சொல்லிட்டா. தெரிஞ்சிக்கினே இன்னொருத்தன் புள்ளைக்கு எப்டிடா குடுக்கறது?" என்றாராம். வெள்ளிக்கிழமை அம்மா அழுதுகொண்டே பேசினாள். விதைக்கென்று தனியாகப் பொறுக்கி வைத்திருந்த கடலை முழுவதையும் நைனா அன்று காலை உடைத்து, எருக்குழியில் கொட்டி மூடிவிட்டார். மூட்டைகளை ஞாயிற்றுக்கிழமை மூடப்போகிறாராம்.

போனை வைத்துவிட்டு உன் மேஜைக்கு வந்து நின்றேன். "மூணாவது குழா வைக்கலடி" என்றேன்.

நீ திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டவில்லை. குடுவையை எடுத்து ராஜதிராவகத்தில் கழுவ ஆரம்பித்தாய். புதுசாகத் தங்கம் காய்ச்சி முடிக்கும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் எங்கள் ஊருக்குப் போனோம். ஜன்னலோர இருக்கை உனக்கு, மடியில் தங்க பாட்டில். அரசியல்வாதி முதல் சினிமாக்காரர் வரை எல்லாரையும் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாய், இதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

எங்கள் வீட்டில் அரைத்த தூள் இன்னும் டப்பாவில் இருந்தது. அதிலிருந்து சாறு எடுத்து, உப்பே போடாமல் தங்கத்தில் விட்டாய். கண்ணெதிரே நீலமாகிவிட்டது.

"உப்பே போடலயே. அப்ப கஞ்சியும் தாங்காத அளவுக்கு உப்பு எங்கேருந்து வந்துச்சி?" என்றாய். அடுப்படியை எட்டிப் பார்த்து, "அம்மா, இந்தக் கடலைய எப்டி அரைச்சீங்க?"

"எப்டி அரைப்பாங்க? மிக்சில போட்டேன். பொண்ணோட படிப்பு விஷயமாச்சே, நைசா இருக்கட்டும்னு நல்லா ஓட்டனேன்."

"வேற இன்னா போட்டீங்க?"

"வேற ஒண்ணும் போடலம்மா. மொளகா கூட போடல. ஒரு கை உப்பு, அவ்ளோதான்."

"உப்பா!"

"கடலைய உப்பில்லாமயா அரைப்பாங்க? தெனம் சட்னிக்கு அரைக்கற கை, அதும்பாட்டுக்குப் போயிடுச்சி" என்ற அம்மாவுக்கு, சொல்லி முடிக்கும்போதே விளங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூட்டையிலிருந்து வேறு கடலை எடுத்து, ஜாரை நீயே மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, அரைத்து, மூன்று குழாயும் வைத்தாய். மூன்றும் சிவப்பு. நைனா ஒவ்வொரு குழாயாகக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "அப்ப நல்ல கடலதானா?" என்றார். அவர் எருக்குழிப் பக்கம் திரும்பிப் பார்த்ததை நாம் இருவரும் பார்த்தோம்.

அப்புறம்தான் நமக்குள் சண்டை. நைனாவுக்குத் தெரிந்துவிட்டது, வியாபாரிக்குப் போனில் சொல்லிவிடலாம், இதோடு விட்டுவிடலாம் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"தப்பா சொன்னது பால் சென்டர்ல. சரியா சொல்றதும் அங்கதான்."

"ஊரே சிரிக்கும்டி. இந்த ஊர்ல இவ்ளோ படிச்சது நான் ஒருத்திதான்."

"சிரிக்கட்டும். உங்க நைனாவப் பாத்து ஒரு வாரமா சிரிச்சிக்கினுதான கீறாங்க."

"சரி, நாம தப்பு பண்ணிட்டோம்னு சொல்லிடலாம்" என்றேன்.

"நாம பண்ணல. நீ பண்ண. நான் கூட வந்து நிக்கறேன், ஆனா வாய தொறக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தாய். மறுநாள் காலை பால் சென்டரில் நான் பேசிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். மூன்றாவது குழாய் என்று ஒன்று உண்டு, அதை நான் வைக்கவில்லை, கடலையில் தப்பில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். பிறகு அந்தச் சாராயக் கேள்விக்காரர், "அப்ப உங்கம்மா சட்னி அரைச்சி குடுத்தனுப்சிடுச்சா!" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். ஒரு வாரம் கழித்து வியாபாரி வந்து மூட்டைகளை எடுத்துப்போனார். விதைக்கு மட்டும் அந்த வருடம் வெளியூரில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. திங்கட்கிழமை நீ கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருந்தால் செவ்வாய்க்கிழமையே வந்திருப்போம். விதைக் கடலை பிழைத்திருக்கும். குழாய் வைக்காதது அவசரம், அதை மன்னிக்கலாம். வைத்தேன் என்று சொன்ன நான்கு நாள் பொய்தான் அந்தக் குழியில் கிடக்கிறது. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பால் சென்டரில் நீ வாயைத் திறக்காமல் நின்றபோது, அதைத்தான் நீ எனக்காக மறைத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அன்று திருப்பதிக்குத் திரும்புமுன், நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று நைனாவோடு கிளம்பினாய். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். செருப்பெல்லாம் செம்மண்ணோடு திரும்பி வந்தாய். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "வித்துக் கடலையப் பத்தி" என்றாய்.

ஒரு மாதம் உன்னோடு நான் சரியாகப் பேசவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும். "நீ பண்ண" என்று நீ சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நீ அதைக் கண்டுகொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டிலிருந்து வரும் புளியோதரையில் பாதியை என் டப்பாவில் வைத்துவிட்டுப் போவாய், நானும் ரோஷமில்லாமல் தின்றுவிடுவேன்.

அடுத்த வருடம் உனக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. ரத்தத்தில் புற்று என்று சொன்னபோது நீதான் எங்களுக்கு ஆறுதல் சொன்னாய். நகரிக்கும் வேலூருக்குமாக ஏழு மாதம் அலைந்தீர்கள். கடைசியாக உன்னைப் பார்க்க வேலூருக்கு வந்தபோது உன் தொண்டை போயிருந்தது. உன் குரலைக் கேட்கக் குனிய வேண்டியிருந்தது எனக்குத் தாங்கவில்லை. நான் ஆய்வகக் கதை, கேண்டீன் கதை என்று பேசிக்கொண்டே இருந்தேன். நடுவில் நீ கேட்டாய்.

"உங்க நைனாகிட்ட சொன்னியா?"

எதை என்று நான் கேட்கவில்லை. "இன்னும் இல்லடி" என்றேன்.

"சொல்லுவ" என்றாய். கட்டளை மாதிரியும் இல்லை, கேள்வி மாதிரியும் இல்லை. பிறகு தூங்கிவிட்டாய். பதினோரு நாள் கழித்து உன் அண்ணன் போன் செய்தார்.

இனி உனக்குத் தெரியாத கதை.

போன வருடம் ஐப்பசியில் மழை விடவே இல்லை. பிடுங்கிப் போட்ட கடலை காட்டிலேயே நனைந்தது. காயவைக்க வெயில் இல்லை. ஊரிலிருந்து நைனாவே போன் செய்து, "உன் குழா பைய எடுத்துக்கினு வாம்மா, எல்லாரும் கேக்கறாங்க" என்றார். போனேன். இந்த முறை வீட்டுக்கு மூன்று குழாய். கடலையை நானே உடைத்தேன், உப்பு ஜாடி இருக்கும் பக்கம்கூடப் போகவில்லை. பதினான்கு வீட்டுக் கடலை பார்த்ததில் ஒன்பது வீட்டுடையது நீலமாகிவிட்டது. எங்களுடையதும். ஒன்பதிலும் மூன்றாவது குழாய் சிவப்பாக நின்றது. தங்கத்தில் தப்பில்லை, சாற்றில் தப்பில்லை. கடலையில்தான் நஞ்சு.

இதை எப்படிச் சொல்வது, யார் நம்புவார்கள் என்று யோசித்துக்கொண்டேதான் சொன்னேன். ஒரு முறை பொய் நீலம் காட்டியவள் நான். எதிர்பார்த்தபடியே பின்னாலிருந்து ஒருவர், "போன தபா மாதிரி இதுவும் சட்னியாத்தான் இருக்கும்" என்றார். நான் பதில் தேடுவதற்குள் அந்தச் சாராயக் கேள்விக்காரர் திரும்பி, "போன தபா தப்புன்னு யாருடா வந்து சொன்னது? நீ கண்டுபுடிச்சியா? அந்தப் பொண்ணுதான இதே எடத்துல நின்னு சொல்லிச்சி. இப்பவும் தப்பா இருந்தா அதுவே சொல்லும்" என்றார். அவர் வீட்டுக் குழாயும் நீலம்தான். அதோடு பேச்சு முடிந்தது. ஒன்பது வீட்டிலிருந்தும் கொஞ்சம் கடலை வாங்கி வந்து, திருப்பதியில் பெரிய இயந்திரத்தில் கொடுத்தேன். அதுவும் நீலக் குழாய் சொன்னதையே சொன்னது. முடிவு வரும்வரை ஒன்பது வீட்டிலும் ஒருவர் கூட அந்தக் கடலையில் ஒரு பருப்பை வாயில் போடவில்லை, மாட்டுக்கும் வைக்கவில்லை.

முடிவோடு ஊருக்குப் போன அன்று, நைனாவும் நானும் காட்டின் ஓரத்தில் குழி வெட்டினோம். மற்றவர்களும் அவரவர் காட்டில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூட்டையை அவர் சாய்க்க, நான் மண்ணைத் தள்ளினேன். பாதி மூடியபோது எனக்குத் தாங்கவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னேன்.

"நைனா, அந்த வருஷம் வித்துக் கடலைய நீ கொட்டினியே, அத காப்பாத்தியிருக்கலாம். மூணாவது குழா வெச்சேன்னு அவகிட்ட பொய் சொன்னேன். நாலு நாள். திங்கக்கிழமையே நெஜத்த சொல்லியிருந்தா வித்து பொழைச்சிருக்கும்."

அவர் மூட்டையை உதறி மடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும்மா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நெலம் பாக்கணும்னு வந்துச்சே நகரிப் பொண்ணு, அன்னிக்கே சொல்லிடுச்சி. உங்க வித்து போனதுக்குக் காரணம் உங்களுக்குத் தெரியணும் நைனா, ஆனா நீங்க அவள கேக்காதீங்க, அவளே ஒரு நாளு வந்து சொல்லுவான்னுச்சி. சரின்னு நானும் கேக்கல." மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "எம்மாம் நாளு ஆக்கிட்ட!" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நைனா மிச்சக் குழியை மூடி முடித்தார். அத்தனை வருடம் அவர் என்னை ஒரு நாளும் வேறு மாதிரிப் பார்த்ததில்லை. பொங்கலுக்குப் போனால் கரும்பு வெட்டிக் கொடுத்தார், பஸ் ஏற்றிவிட வந்தார், என் பட்டமளிப்புக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு திருப்பதிக்கு வந்து நின்றார். எல்லாம் தெரிந்துகொண்டுதான்.

நீ எனக்காக மறைத்தாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீ மறைக்கவே இல்லை. அவருக்குச் சேர வேண்டியதை அவரிடம் கொடுத்துவிட்டு, எனக்கானதை எனக்கென்று விட்டுவைத்திருக்கிறாய். வேலூர்க் கட்டிலில் "சொல்லுவ" என்றதும் அந்தக் கணக்கில்தான் என்று இப்போது விளங்குகிறது. உன் மேல் கொஞ்சம் கோபமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு போய்விட்டது.

இப்போதும் பொய் சொல்ல வாய் வருகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். சரியாக வராத சோதனையை வந்தது என்று எழுதிவிடலாமா என்று பேனா ஒரு நொடி நிற்கும். அப்போதெல்லாம், எதிரே இருப்பவருக்கு உண்மை ஏற்கனவே தெரியும் என்றும், நான் சொல்வதற்காக அவர் பேசாமல் காத்துக்கொண்டிருக்கிறார் என்றும் எனக்குத் தோன்றிவிடுகிறது. உடனே சொல்லிவிடுகிறேன்.